மூன்றாம் கொப்பியில் தெரிந்த கோடு

டீச்சர்,

இன்று காலை போட்டோக்கொப்பி மெஷினைத் திருத்த ஆள் வந்திருந்தார். ஒரு மாதமாகத் தாளைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த மெஷின். அவர் அதைச் சுவரிலிருந்து இழுத்து நகர்த்தியபோது பின்னால் கிடந்த குப்பையெல்லாம் வெளியே வந்தது. இரண்டு பேனை, ஒரு பழைய பஸ் டிக்கட், யாரோ தேடித் தேடி அலுத்துப்போயிருக்கக்கூடிய அடையாள அட்டைப் பிரதி. அவற்றோடு ஒரு தாளும் இருந்தது. தூசியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். ஓர் இணைகரம். அதன் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டைச் சுற்றி உங்கள் சிவப்புப் பேனை போட்ட வட்டம்.

அன்றைக்குக் கோபத்தில் அதை நீங்களே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கௌண்டரிலிருந்து வழுக்கி மெஷினுக்குப் பின்னால் விழுந்து, அங்கேயே கிடந்திருக்கிறது. திருத்த வந்தவர் “வீசவா அக்கா?” என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு நீங்கள் வழக்கமாக உட்காரும் கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இதை எழுத ஆரம்பித்தேன். இடையிடையே ஆட்கள் வந்து போவார்கள். அதனால் இது ஓர் ஒழுங்கில் இருக்காது. நம் இரண்டு பேரில் ஒழுங்குக்காரி நீங்கள்தான்.

நீங்கள் முதன்முதலாக இந்தக் கடைக்குள் வந்தது நாட்டில் தாளுக்குத் தட்டுப்பாடு வந்த அந்த நாட்களில். கண்டியில் ஒரு கட்டுத் தாள் வாங்க நான் நாலு கடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும், தட்டச்சும் கொப்பியும் செய்கிற என் கொமினிகேஷன் கடைக்குள் குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தீர்கள். கையில் மட்டை கட்டிய நீளமான சி.ஆர். கொப்பிப் புத்தகம். அதில் தரம் பதினொன்றுக்கான கணித வினாத்தாள் ஒன்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. எத்தனை கொப்பி வேண்டும் என்று கேட்டேன். ஒன்றுகூட வேண்டாம் என்றீர்கள்.

“அச்சடிக்கத் தேவையில்ல. போன்ல எறக்கிக்கிற மாதிரி வேணும். எங்கட பள்ளிக்கூடத்துல தாள் இல்ல. ஆனா புள்ளையள்ட வீட்டுல போன் ஈக்கு.”

கொப்பிக் கடைக்கு வந்து கொப்பி வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். கழன்ற கேஸ் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் தட்டச்சு செய்து, படங்களை வரைந்து, உங்கள் போனுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றீர்கள். போனைத் திறந்து காட்டினீர்கள். என் தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் கமாவும் கேள்விக்குறியுமாகச் சிதறிக் கிடந்தது. “இது எந்த ஊர்ப் பாஷ?” என்று கேட்டீர்கள். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டீர்கள்.

எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. பதினைந்து வருடமாக ஒரே பழைய எழுத்துருவில் கல்யாணக் கார்டும் காணி உறுதியும் மரண அறிவித்தலும் அடித்துத் தள்ளியவள் நான். எல்லாம் என் கம்பியூட்டரில் ஆரம்பித்து என் பிரிண்டரில் முடிந்துவிடும். இன்னொருவர் கைக்கு அது கோப்பாகப் போனால் அங்கே எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் கிழமை முழுவதும் உட்கார்ந்து, எல்லாப் போனிலும் தெரிகிற எழுத்துக்கு மாறவும், கோப்பை பி.டி.எஃப். ஆக்கி எழுத்தையும் படத்தையும் அசையாமல் பூட்டி வைக்கவும் படித்துக்கொண்டேன். நான் படித்ததை எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நீங்களும் படித்தீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே அளவு கண்ணாடி, கம்பியூட்டரில் ஒரே அளவு பயம்.

பிறகு இணையத்தில் ஓசியில் ஒரு பக்கம் திறந்தோம். தரம் வாரியாக ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பதிவிறக்கம்’ என்று ஒரு பச்சைப் பெட்டி, கீழே உங்கள் மின்னஞ்சல் முகவரி. அவ்வளவுதான். முதல் தாளை ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது ஒன்றாகி இரண்டானதும் கையைத் தட்டினீர்கள். அந்த ஒன்று நீங்கள், இரண்டாவது நான் என்று சொன்னேன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் நாம் சிநேகிதிகளானோம் என்று நினைக்கிறேன்.

நாமே போட்டுக்கொண்ட மூன்றாம் கொப்பிச் சட்டம் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஏதோ கடமையாகப் போய்விட்டு நேரே கடைக்கு வந்தீர்கள். அங்கே ஒரு பிள்ளையின் கையில் நம்முடைய தாளைக் கண்டிருக்கிறீர்கள். சந்தோஷப்பட்டு வாங்கிப் பார்த்தால், கோணங்களின் பாகை ஒன்றுமே வாசிக்க முடியவில்லையாம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாரோ ஒருவரின் போனில் இறக்கி, அவர் டவுனுக்குப் போகும்போது ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு வீட்டுக்காரர் பிரதி எடுத்து, அதிலிருந்து இன்னொன்று. பிள்ளையின் கைக்கு வந்தது கொப்பியின் கொப்பியின் கொப்பி. நாம் கம்பியூட்டரில் பார்த்து ரசித்த அழகு ஒன்றும் அதில் மிஞ்சியிருக்கவில்லை.

அன்றிலிருந்து நம்முடைய வேலை முறையே மாறியது. ஒரு தாள் முடிந்ததும் அதை அச்செடுப்போம். அதை மெஷினில் வைத்து ஒரு கொப்பி. அந்தக் கொப்பியை வைத்து இன்னொன்று. அதை வைத்து மூன்றாவது. அந்த மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் பிடித்து, வினா ஒன்றிலிருந்து கடைசி வரை வாய்விட்டு வாசிப்பீர்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்காவது தடுக்கினால் அந்த இடத்தைத் தடிப்பாக்கவேண்டும், பெருப்பிக்கவேண்டும், அல்லது தூக்கவேண்டும். நான் ஆசையாகப் போட்ட பூ ஓரங்கள் போயின. வென் வரிப்படத்துக்குப் போட்ட சாம்பல் நிறம் போனது. கோப்பு பெருத்தால் டேட்டா தின்னும் என்று அதற்கும் ஓர் எல்லை வைத்தீர்கள். நான் முறைத்தால் ஒரே பதில்தான். “கடைசிப் புள்ளைட கையில ஈக்கிற கொப்பிதான் விஜி நாங்க செஞ்ச தாள். மத்ததெல்லாம் நமக்குப் பாக்க.”

சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்திருந்தது. ஹந்தானையில் லயத்தில் பிறந்து, கணித ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்து, சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் மட்டும் இரண்டு தரம் கோட்டைவிட்டவள் நான். உங்கள் தாள்களை அடித்து அடித்துத்தான் எனக்கு இணைகரமே விளங்கியது. நாற்பத்தைந்து வயதில் ஒரு நாள் ஒரு கணக்கை நானே செய்து உங்களிடம் காட்டினேன். நீங்கள் அதற்குச் சரி போட்டு, பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதித் தந்தீர்கள். அந்தத் தாள் இன்றும் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. நோன்பு மாதத்தில் ஒரு நாள் உங்கள் முன்னாலேயே பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, பாதியில் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேனே. அதற்கு மறுநாளே எனக்கென்று ஒரு போத்தல் நோன்புக் கஞ்சி உங்கள் ஊர் வத்தேகமவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

டவுனில் ட்யூஷன் நடத்துகிற மாஸ்டர் ஒருவர் ஒரு நாள் என் கடைக்கே வந்தார். வகுப்புக்குக் கொடுக்க ஒரு தாள், கட்டுக்கணக்கில் பிரதி வேண்டும் என்றார். வாங்கிப் பார்த்தால் நம்முடைய தாள். முதல் பக்கத்தில் மட்டும் அவருடைய படத்தோடு, பட்டங்களோடு, புது மட்டை. உள்ளே நான் வரைந்த வட்டங்கள், நான் வரைந்த முக்கோணங்கள், ஒரு முக்கோணத்தின் உச்சியில் என் கை நடுங்கியதால் வந்த சின்னப் பிசகு உட்பட. இந்தப் படங்கள் நல்லா இருக்கே சேர், யாரு வரைஞ்சது என்று கேட்டேன். நம்ம ஆளுங்கதான் என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை பிரதியும் எடுத்து, ஸ்டேப்லரும் அடித்துக் கொடுத்தேன்.

அன்று மாலை நீங்கள் வந்ததும் கொட்டித் தீர்த்தேன். நீங்கள் கேட்டுவிட்டு, “அவர்ட வகுப்புல ஈக்கிறதும் புள்ளையள்தானே” என்றீர்கள். அதோடு உங்களுக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ஆரம்பத்திலேயே உங்கள் பெயரைப் போடவேண்டும் என்று நான் கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்றவர் நீங்கள். உங்கள் பெயர் இல்லாத தாளில் என் பெயரை எப்படிப் போடுவது என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது அந்த மனுஷன் மட்டை போட்டு விற்கிறான். அந்தக் கோபத்தில், உங்களைக் கேட்காமல், எல்லாத் தாளிலும் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சரிவாக என் முழுப்பெயரை வெளிர்ச் சாம்பலில் போட்டேன். பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். இணையத்தில் ஏற்றுகிற வேலை என்னுடையது. அதனால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். கம்பியூட்டரில் அது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியதாக, கௌரவமாக இருந்தது. மூன்றாம் கொப்பி மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்தால் என்ன தெரியும் என்று உள்ளூர எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், டீச்சர். அதனால்தான் எடுக்கவில்லை.

நீங்கள் அதைக் கண்டீர்கள். “மூணாம் கொப்பி பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். இந்த ஒரு பொய்யைத்தான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

பிறகு அந்த மழை நாள். பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. ஈரச் சேலையோடு வந்து, பையிலிருந்து ஒரு கடிதத்தையும் ஒரு தாளையும் எடுத்துக் கௌண்டரில் வைத்தீர்கள். தெல்தோட்டைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் எழுதியது. தான் கணித ஆசிரியர் இல்லை, சமயம் படிப்பிக்கிறவர், வேறு ஆள் இல்லாததால் கணித வகுப்பையும் எடுக்கிறார், நம்முடைய தாள்களை வைத்துத்தான் படிப்பிக்கிறார் என்று எழுதியிருந்தார். ஒன்பதாம் வினாவில் இணைகரத்துக்குள் வரைந்திருக்கும் மூலைவிட்டத்தைப் பற்றி வினாவில் ஒன்றும் சொல்லவில்லையே, அது கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது என்று எடுத்துச் செய்தால் விடை உங்கள் விடையோடு பொருந்தவில்லையே, ஒரு கிழமையாக வகுப்போடு சேர்ந்து முயல்கிறோம், எங்கே பிழைவிடுகிறோம் என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

அந்த இணைகரத்தில் நாம் மூலைவிட்டம் எதுவும் வரையவில்லை. கடிதத்தோடு வந்த, நீங்கள் சிவப்பில் வட்டம் போட்டிருந்த தாளைப் பார்த்தேன். கொப்பியின் கொப்பியின் கொப்பி. குறுக்கே போட்ட என் பெயர் உதிர்ந்து வெறும் அழுக்காகப் போயிருந்தது. பெயருக்குக் கீழே நான் இழுத்த கோடு மட்டும் ஒவ்வொரு கொப்பியிலும் கறுத்துக் கறுத்து, அளந்து வைத்ததுபோல மூலையிலிருந்து மூலைக்கு ஓடியிருந்தது. ஒரு வகுப்பே, அதுவும் பரீட்சைக்கு முன்னால், ஒரு கிழமையாக என் பெருமையின் கோட்டை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், “நீங்க லயத்துல படிச்ச ஆள் விஜி. உங்களுக்கு நான் சொல்லியா தரணும்?” என்றீர்கள். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் அது என்னை எங்கேயோ போய்க் குத்தியது.

“ஒங்களுக்குப் பேரு வேணாம் டீச்சர், ஏன்னா ஒங்களுக்கு அது இருக்கு. ரோட்டுல போனா நாலு பேரு டீச்சர்னு எந்திரிச்சு நிக்கிறாங்க. எனக்கு என்ன இருக்கு? படிக்கட்டுக்குக் கீழ டைப் அடிக்கிற பொம்பள. அது மட்டுந்தான்” என்றேன்.

நீங்கள் கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்து, குடையை விரித்துக்கொண்டு சந்தில் இறங்கிப் போனீர்கள். நான் கூப்பிடவில்லை. அன்று இரவே பெயரின் கீழ்க் கோட்டை மட்டும் எல்லாத் தாளிலிருந்தும் எடுத்தேன். பெயரை எடுக்கவில்லை. அவ்வளவு வீம்பு.

அதற்குப் பிறகு நீங்கள் கடைக்கு வரவே இல்லை. வேலை நிற்கவில்லை. சி.ஆர். கொப்பியின் பக்கங்களைப் போனில் படம் எடுத்து அனுப்புவீர்கள். நான் அடித்துத் திருப்பி அனுப்புவேன். வினா மூன்றில் அலகு விடுபட்டுள்ளது. சரி டீச்சர். நன்றி. இப்படியே எட்டு மாதம். எட்டு மாதமும் இன்றைக்கு வருவீர்கள், நாளைக்கு வருவீர்கள் என்று அந்தக் கதிரையில் வேறு யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தேன். நானே பஸ் ஏறி வந்திருக்கலாம். வத்தேகமவுக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? நீங்கள்தான் முதலில் வரவேண்டும் என்று காத்திருந்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போய் வருகிற நாட்களில், கடைக்கு நூறு யார் தூரத்தில்தான் நீங்கள் பஸ் மாறியிருக்கிறீர்கள். உங்கள் உடம்புக்கு வந்த வருத்தம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லவிடவில்லை.

எட்டாம் மாதம் ஒரு நாள் காலையில் உங்கள் மகன் போன் பண்ணி, நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார். நான் வத்தேகமவுக்கு வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். பெண்கள் இருந்த அறையில் என்னை யாருக்கும் தெரியாது என்று ஓரமாக நின்றேன். உங்கள் தங்கச்சி வந்து என் இரண்டு கையையும் பிடித்து, “விஜிதானே?” என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. என்மேல் கோபத்தோடா போனீர்கள்? அதை யாரிடம் கேட்பது?

இரண்டு மாதம் கழித்து உங்கள் கணவர் கடைக்கு வந்தார். உங்கள் போனைக் கொண்டுவந்திருந்தார். அதற்கு இன்னும் மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது, என்னவோ தாள் கேட்கிறார்கள், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒருக்கால் பார்க்க ஏலுமா என்று கேட்டார். உங்கள் கதிரையில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு போனை வாங்கினேன். பார்த்தால் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி. உங்கள் தாளில் குறுக்கே எழுத்து ஓடுவதால் கொப்பி எடுத்தால் படம் தெளிவில்லை, எழுத்து இல்லாத பிரதி கிடைக்குமா? மாத்தளையிலிருந்து, பதுளையிலிருந்து, நான் பெயரே கேட்டிராத தோட்டங்களிலிருந்து. நம்முடைய இணையப் பக்கத்தில் இருந்த முகவரி உங்களுடையது. அதனால் இந்த முறைப்பாடு ஒன்றுகூட என் காதுக்கு வரவில்லை.

பிறகு நீங்கள் அனுப்பியவற்றைத் திறந்தேன். அந்த எட்டு மாதமும் கேட்ட ஒவ்வொருவருக்கும் நீங்களே பதில் போட்டிருக்கிறீர்கள். நான் திருத்தத்துக்கு அனுப்பிய கோப்புகளில் குறுக்கே கிடந்த பெயரை எடுத்துவிட்டு, நான் சொல்லித்தந்தபடியே பி.டி.எஃப். ஆக்கி, ஒவ்வொன்றாக இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அத்தனையிலும் கீழே ஒரே வாசகம்:

“இந்தப் பிரதியில் குறுக்கே எழுத்து இல்லை. இதில் உள்ள படங்கள் அனைத்தையும் வரைந்து, தாளை ஆக்கித் தந்தவர் கண்டியைச் சேர்ந்த திருமதி விஜயலட்சுமி. அவருடைய பெயர் கடைசிப் பக்கத்தில் உண்டு. கொப்பி எடுக்கும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடாமல் சேர்த்து எடுங்கள்.”

இணைப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனேன். விடைகளுக்குக் கீழே, தடித்த எழுத்தில், மூன்றாம் கொப்பியிலும் அழியாத அளவில், என் பெயர். உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. அந்த ட்யூஷன் மாஸ்டர்கூட ஒரு தரம் கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கும் அதே பிரதி, அதே வாசகம். அதைக் கண்டு அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தெல்தோட்டை ஆசிரியருக்கு நீங்கள் எழுதிய பதிலையும் தேடிப் பிடித்தேன். சண்டை நடந்த அன்றைய திகதி. அந்தக் கோடு இணைகரத்துக்கு உரியதல்ல, பிள்ளைகள் பிழைவிடவில்லை, “பிழை முழுவதும் என்னுடையது, மூன்றாம் கொப்பியை நான் பார்த்திருக்கவேண்டும்” என்று பழியை உங்கள்மேலேயே போட்டு எழுதியிருந்தீர்கள். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் முகத்தைப் பொத்திக்கொண்டதைக் கண்டு உங்கள் கணவர் பயந்துபோனார். அண்ணன் முறையில் அவரைக் கூப்பிட்டு, ஏன் நானா, டீச்சர் ஏன் என்கிட்ட ஒன்றுமே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னார்.

“அவ சொன்ன, விஜி கேட்டது நியாயம்தான், நான்தான் அத முதல்லயே யோசிச்சிருக்கணும் எண்டு. உங்கட கோவம் ஆறட்டும், பொறகு ரெண்டு பேரும் இருந்து எல்லாத் தாளையும் ஒண்டா மாத்துவம் எண்டுதான் சொல்லிட்டு இருந்த.”

ஆக, நான் உங்கள் கோபம் ஆறக் காத்திருந்தேன், நீங்கள் என் கோபம் ஆறக் காத்திருந்தீர்கள். இரண்டு பேரிடமும் கோபம் இருக்கவில்லை. அதற்கு எட்டு மாதத்தைக் கொடுத்துவிட்டோம், டீச்சர். எனக்கு அது பொறுக்கவில்லை. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, பொறுக்கவே இல்லை.

எல்லாத் தாளையும் மாற்றிவிட்டேன். ஒன்றுவிடாமல் மூன்றாம் கொப்பி எடுத்து, வாசலில் நின்று வாய்விட்டு வாசித்தேன். பக்கத்துக் கடைச் சிங்களப் பெண் நான் ஏதோ சுலோகம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். தரம் பத்தில் இரண்டு இடத்தில் தடுக்கியது, தடிப்பாக்கினேன். உங்கள் மின்னஞ்சலைக் கணவர் என்னிடமே ஒப்படைத்துவிட்டார். கேட்பவர்களுக்கு இப்போது நான் பதில் போடுகிறேன். பழைய பிரதிகளை இறக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து அவற்றைத் திரும்ப வாங்க வழியில்லை. எங்கேயோ ஒரு பிள்ளையின் பைக்குள் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கலாம். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதனால் இணையப் பக்கத்தின் தலைப்பிலேயே அந்தப் பிழை என்னுடையது என்று எழுதி, ஒன்பதாம் வினாவின் சரியான படத்தையும் போட்டிருக்கிறேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் கை நின்றுவிட்டது. என் பெயருக்கு மேலே உங்கள் பெயரை அடித்தேன். வினாக்களை ஆக்கியவர் என்று போட்டு, முழுப்பெயரும் ஊரும். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? உங்கள் கணவரிடம் போனில் கேட்டேன். அவ அத விரும்பல்லயே விஜி என்றார், அவ்வளவுதான். உங்களைக் கேட்காமல் ஒரு தரம் ஒரு பெயரைப் போட்டு நான் பட்டது போதும். அடித்ததை அழித்தேன். மறுநாள் மனசு கேட்காமல் மறுபடியும் அடித்தேன். மறுபடியும் அழித்தேன். இந்த மடலிலும் உங்கள் பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஒன்று. இன்று மத்தியானம் ஒருவர் போனை நீட்டினார். தெல்தெனியப் பக்கமிருந்து வந்திருந்தார். மகளுக்காம், நம்முடைய தாள். அச்செடுத்து, ஸ்டேப்லர் அடித்து, அவர் கையில் கொடுக்கும்போது சொன்னேன், இந்தக் கணக்கெல்லாம் செய்தவர் இன்னார், வத்தேகமவில் இருந்தார், இந்த வருடம் மௌத்தாகிப் போனார், மகளிடம் சொல்லுங்கள் என்று. உங்கள் பெயரை முழுதாக, நிறுத்தி, இரண்டு தரம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, இருந்தும் சொன்னேன். நேற்று வந்தவரிடமும் சொன்னேன். நாளைக்கு வருகிறவரிடமும் சொல்வேன். எழுதத்தானே வேண்டாம் என்றீர்கள், டீச்சர். சொல்ல வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லையே.

உங்கள்
விஜி